அரபியில் கேள்வி வாக்கியங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குர்ஆனை ஓதத் தெரிந்து, நஹ்வுப் (அரபி இலக்கணப்) பாடத்தில் முதல் சில படிகளையும் ஏறிவிட்டவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. அரபிச் சொற்கள் எல்லாம் தமிழ் எழுத்தில்தான் தரப்பட்டுள்ளன. ஐனும் ஹம்ஸாவும், தாலும் ஃதாலும் தமிழில் ஒன்றுபோலவே தெரியும். ஆகவே சரியான உச்சரிப்புக்கு முஸ்ஹஃபைத் (குர்ஆன் பிரதியைத்) திறந்து பாருங்கள், உங்கள் உஸ்தாதிடம் ஒருமுறை ஓதிக் காட்டுங்கள்.

அரபியில் கேள்விச் சொற்கள் மொத்தம் எத்தனை?

நஹ்வுக் கிதாபுகள் 11 என்று கணக்கிடுகின்றன. அவற்றில் ஹர்ஃபுகள் (இடைச்சொற்கள்) இரண்டுதான்: ஹம்ஸா (அதாவது சொல்லுக்கு முன்னால் ஒட்டும் 'அ'), ஹல். மற்ற ஒன்பதும் இஸ்முகள் (பெயர்ச்சொற்கள்): மன் (யார்), மா (என்ன), மதா (எப்போது), அய்யான (எப்போது), ஐன (எங்கே), அன்னா (எப்படி, எங்கிருந்து), கைஃப (எப்படி), கம் (எத்தனை), அய்யு (எந்த). மாதா (என்ன), லிமாதா (ஏன்) போன்றவை இவற்றிலிருந்து கட்டப்பட்டவை.

இஸ்முகள் ஒன்பதில் எட்டு, எந்த இடத்தில் வந்தாலும் இறுதி மாறாத மப்னி சொற்கள். அய்யு மட்டும் முஅரப். வாக்கியத்தில் அதன் இடத்தைப் பொறுத்து அய்யு, அய்ய, அய்யி என்று மாறும்.

ஒரு சாதாரண வாக்கியத்தைக் கேள்வியாக்க என்ன செய்ய வேண்டும்?

முன்னால் ஹம்ஸாவையோ ஹலையோ வைத்தால் போதும். "ஸைதுன் காஇமுன்" என்றால் ஸைது நிற்கிறார். "ஹல் ஸைதுன் காஇமுன்?" என்றால் ஸைது நிற்கிறாரா? சொற்களின் வரிசை மாறவில்லை, பேஷும் ('உ' ஒலி) ஸபரும் ('அ' ஒலி) மாறவில்லை. இந்த இரண்டு ஹர்ஃபுகளும் இஅராபைத் (சொல்லிறுதி மாற்றத்தைத்) தொடுவதே இல்லை.

நாம் 'ஆ'வைச் சொல்லின் கடைசியில் சேர்க்கிறோம், அரபிகள் 'அ'வைச் சொல்லின் முதலில் சேர்க்கிறார்கள். மேலோட்டமான ஒற்றுமை என்று இதை விட்டுவிடாதீர்கள். அடுத்த கேள்விக்கான விடை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

ஹம்ஸாவுக்கும் ஹலுக்கும் பொருள் ஒன்றுதானே? எதை வேண்டுமானாலும் போடலாமா?

போட முடியாது. இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

தமிழில் மூன்று வாக்கியங்களைப் பாருங்கள். "நீ ஸைதைப் பார்த்தாயா?" "நீயா ஸைதைப் பார்த்தாய்?" "நீ ஸைதையா பார்த்தாய்?" சொற்கள் அவையேதான், 'ஆ' மட்டும் இடம் மாறுகிறது, கேள்வியே வேறாகிவிடுகிறது. முதலாவதில் பார்த்தது நடந்ததா என்று சந்தேகம். இரண்டாவதில் பார்த்தது நடந்திருக்கிறது, பார்த்தவர் யார் என்பதில் சந்தேகம். மூன்றாவதில் பார்க்கப்பட்டவர் யார் என்பதில் சந்தேகம்.

ஹம்ஸா இதே வேலையைச் செய்கிறது. எதைப் பற்றிச் சந்தேகமோ அந்தச் சொல் ஹம்ஸாவை ஒட்டி வரும். "அ ரஅய்த ஸைதன்?" என்றால் பார்த்தாயா. "அ அன்த ரஅய்த ஸைதன்?" என்றால் நீயா பார்த்தாய். "அ ஸைதன் ரஅய்த?" என்றால் ஸைதையா பார்த்தாய். நாம் 'ஆ'வை நகர்த்துகிறோம். அரபியில் 'அ' வாக்கியத்தின் முதலிலேயே நிற்க, கேட்கப்படும் சொல் அதன் பக்கத்தில் வந்து நிற்கிறது.

ஹிஜ்ரி 471இல் மறைந்த பலாகா (சொல்நயக் கலை) அறிஞர் அப்துல் காஹிர் அல்-ஜுர்ஜானி இதை விளக்க எடுத்துக்கொண்ட வசனம் 21:62 (21ஆம் சூரா, 62ஆம் வசனம்). நபி இப்ராஹீம் (அலை) அவர்களிடம் அவருடைய மக்கள் கேட்கிறார்கள்: "அ அன்த ஃபஅல்த ஹாதா பிஆலிஹதினா யா இப்ராஹீம்?" சிலைகள் உடைந்து கண்முன்னே கிடக்கின்றன. உடைக்கப்பட்டனவா என்ற சந்தேகம் யாருக்கும் இல்லை. அதனால் 'அ ஃபஅல்த' என்று வினைச்சொல்லை ஹம்ஸாவுக்குப் பக்கத்தில் வைக்காமல் 'அ அன்த' என்று ஆளை வைத்தார்கள். "எங்கள் தெய்வங்களுக்கு நீயா இதைச் செய்தாய்?" இப்ராஹீம் நபியின் பதிலும் 'செய்தேன், செய்யவில்லை' என்ற வடிவில் வரவில்லை. "பல் ஃபஅலஹூ கபீருஹும் ஹாதா", இவற்றில் பெரியதான இதுதான் செய்தது என்று, செய்தவர் யார் என்ற கேள்விக்கே பதிலாக அமைந்தது (21:63).

இந்த வசனத்தை "இதைச் செய்தாயா?" என்று தமிழாக்கினால் பொருள் நழுவிவிடும். "நீயா செய்தாய்?" என்றால் அரபியில் உள்ளது அப்படியே வந்துவிடுகிறது. தமிழர்களுக்கு ஹம்ஸாவைப் புரிய வைக்க நீண்ட விளக்கம் தேவையில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். நம் தாய்மொழியே அந்தப் பாடத்தைப் பாதி நடத்திவிட்டது.

ஹல் அப்படியன்று. செய்தி முழுவதையும் முன்வைத்து 'உண்டா, இல்லையா' என்று மட்டுமே கேட்கும். ஆகவே "இவரா அவரா?" என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விக்கு ஹம்ஸாதான் வேண்டும், உடன் 'அம்' வரும்: "அ ஸைதன் ரஅய்த அம் காலிதன்?" ஸைதையா பார்த்தாய், காலிதையா? இதற்கு ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது, பெயரைத்தான் சொல்ல வேண்டும். இன்றைய அரபிச் செய்தித்தாள்களில் 'ஹல்... அம்...' என்று எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள். பழைய இலக்கணப்படி அது பிழை.

ஹல் எங்கெல்லாம் வரக் கூடாது?

எதிர்மறைக்கு முன்னால் வராது. 'ஹல் லம்', 'ஹல் லைஸ' என்று சொல்ல மாட்டார்கள். 'அலம்', 'அலைஸ' என்றுதான் சொல்வார்கள். 'இன்ன'வுக்கு (நிச்சயமாக) முன்னாலும் வராது. யூசுஃப் நபியின் சகோதரர்கள் திகைத்துக் கேட்டது "அ இன்னக ல அன்த யூசுஃப்?" (12:90). நிபந்தனைச் சொல்லுக்கு முன்னாலும் வராது. வாக்கியத்தில் வினைச்சொல் இருந்தால் அதை விட்டுவிட்டுப் பெயரை ஹலுக்கு அடுத்து வைப்பதும் அழகன்று: "ஹல் காம ஸைதுன்?" சரி, "ஹல் ஸைதுன் காம?" சரியில்லை. ஹலுக்குப் பின்னால் வரும் முளாரிஉ (நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் பொதுவான) வினை எதிர்காலத்தையே குறிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

'அஃபலா', 'அவலம்' என்று ஹம்ஸா முன்னால் போகிறது. ஆனால் 'ஃபஹல்' என்று ஹல் பின்னால் வருகிறது. ஏன்?

'வ', 'ஃப' ஆகிய இணைப்புச் சொற்கள் பொதுவாக எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவை. ஹலும் அதற்குக் கட்டுப்படுகிறது: "ஃபஹல் அன்தும் முன்தஹூன்?" (5:91). கேள்விச் சொற்களின் தாய் என்று இலக்கணிகள் ஹம்ஸாவைச் சொல்வார்கள். முதலிடத்துக்கான உரிமை அதற்கு அவ்வளவு வலுவானது, இணைப்புச் சொல்லையே பின்னுக்குத் தள்ளிவிடுகிறது: "அஃபலா தஅகிலூன்?" (சிந்திக்க மாட்டீர்களா?) "அவலம் துஃமின்?" (நீர் நம்பவில்லையா?)

கேள்விச் சொல்லே இல்லாமல் கேள்வி வருமா?

வரும். ஹம்ஸாவை மட்டும் விட்டுவிடலாம், குரலின் தொனியும் இடமும் காட்டிக்கொடுக்கும். குர்ஆனில் நல்ல உதாரணம் உண்டு. ஃபிர்அவ்னிடம் சூனியக்காரர்கள் கூலி கேட்கும் காட்சி இரண்டு இடங்களில் வருகிறது. நாம் ஓதும் ஹஃப்ஸ் கிராஅத்தில் (ஓதல் முறையில்) 26:41இல் "அஇன்ன லனா லஅஜ்ரன்" என்று ஹம்ஸாவுடன் இருக்கிறது. 7:113இல் "இன்ன லனா லஅஜ்ரன்" என்று ஹம்ஸா இல்லாமல் இருக்கிறது. இரண்டு இடத்திலும் ஃபிர்அவ்னின் பதில் "நஅம்" (ஆம்). 7:113ஐ வேறு சில கிராஅத்துகளில் ஹம்ஸாவுடனே ஓதுகிறார்கள்.

ஹம்ஸாவுக்குப் பின்னால், பெயருக்கு முன் ஒட்டும் 'அல்' வந்தால் எப்படி ஓதுவது?

இரண்டும் சேர்ந்து நீளும். குர்ஆனில் மூன்று சொற்கள், ஆறு இடங்கள்: 'ஆத்தகரைனி' (6:143, 6:144), 'ஆல்ஆன' (10:51, 10:91), 'ஆல்லாஹு' (10:59, 27:59). ஆறு அளவுக்கு நீட்டி ஓதுவதே நமக்குப் பழக்கமானது. நீட்டாவிட்டால் அது கேள்வியா, வெறும் 'அல்' சேர்ந்த செய்தியா என்று கேட்பவருக்குத் தெரியாமல் போகும். இஸ்தஃக்ஃபர போன்ற, வஸ்லு ஹம்ஸாவில் (சேர்த்து ஓதும்போது விழும் ஹம்ஸாவில்) தொடங்கும் வினைகளில் இந்தக் குழப்பம் இல்லை. வஸ்லு ஹம்ஸா விழுந்து கேள்வியின் ஹம்ஸா மட்டும் ஸபருடன் நிற்கும்: "அஸ்தஃக்ஃபர்த லஹும்" (63:6).

'நஅம்', 'பலா' இரண்டுக்கும் 'ஆம்' என்றே பொருள் எழுதுகிறார்கள். வித்தியாசம் என்ன?

கேள்வி எதிர்மறையாக இருக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். நஅம், கேள்வியில் உள்ளதை அப்படியே ஒப்புக்கொள்ளும். பலா, கேள்வியில் உள்ள எதிர்மறையை உடைக்கும்.

"அலம் தத்ஹப்?" நீ போகவில்லையா? இதற்கு "நஅம்" என்றால் போகவில்லை. "பலா" என்றால் போனேன். தமிழில் "நீ போகவில்லையா?" என்று கேட்டால் "ஆமாம், போகவில்லை" என்கிறோம் அல்லவா? அந்த 'ஆமாம்'தான் நஅம். "இல்லையே, போனேனே" என்கிறோம் பாருங்கள், அதுதான் பலா.

இப்போது 7:172ஐப் படியுங்கள். "அலஸ்து பிரப்பிகும்?" நான் உங்கள் இறைவன் அல்லவா? "காலூ பலா." அவர்கள் 'நஅம்' என்று சொல்லியிருந்தால் காஃபிராகியிருப்பார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) கூறியதாக அறிவிக்கப்படுகிறது. 'ஆம், நீ எங்கள் இறைவன் அல்லன்' என்று பொருளாகிவிடும் என்பதே காரணம். தமிழில் 'அல்லவா' என்ற சொல் உடன்பாட்டை எதிர்பார்த்தே கேட்பதால் 'ஆம்' என்ற மொழிபெயர்ப்பு நமக்கு உறுத்துவதில்லை. ஆனால் அந்த 'ஆம்' என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு அரபியில் 'நஅம்' என்று திருப்பிவிடாதீர்கள்.

எதிர்மறை இல்லாத கேள்விக்கு நஅம்தான். 7:44இல் "ஃபஹல் வஜத்தும்...?" (பெற்றுக்கொண்டீர்களா?) என்ற கேள்விக்கு "காலூ நஅம்". 67:8இல் "அலம் யஃதிகும் நதீர்?" (எச்சரிப்பவர் உங்களிடம் வரவில்லையா?) என்று கேட்கப்பட, 67:9இல் பதில் "பலா". இரண்டையும் அடுத்தடுத்து ஓதிப் பாருங்கள், விதி தானாகவே பதிந்துவிடும்.

மா, மாதா: எதை எங்கே போடுவது?

பெயரைக் கேட்க மா: "மா ஹாதா?" (இது என்ன?) "மா இஸ்முக?" (உன் பெயர் என்ன?) வினையைக் கேட்க பெரும்பாலும் மாதா: "மாதா தஃப்அலு?" (என்ன செய்கிறாய்?)

'லிம', 'அம்ம' என்று ஓதும்போது 'மா'வின் அலிஃப் எங்கே போனது?

ஜர்ரு ஹர்ஃபு (லி, அன் போன்ற முன்னிடைச்சொல்) ஒட்டும்போது கேள்வி 'மா' தன் அலிஃபை இழக்கும். லி சேர்ந்தால் லிம (61:2), அன் சேர்ந்தால் அம்ம (78:1), மின் சேர்ந்தால் மிம்ம (86:5), ஃபீ சேர்ந்தால் ஃபீம (79:43), பி சேர்ந்தால் பிம (27:35). 'எது... அது' என்று இணைக்கும் மவ்ஸூல் 'மா' அலிஃபை விடாது. எழுத்திலேயே இரண்டையும் பிரித்துக்காட்டும் அருமையான ஏற்பாடு இது. 'அம்ம' என்று அலிஃப் இல்லாமல் பார்த்தால் "எதைப் பற்றி?" என்ற கேள்வி. 'அம்மா' என்று அலிஃபுடன் பார்த்தால் "எதைப் பற்றியோ அதைப் பற்றி".

மன் எப்போது எழுவாய், எப்போது செயப்படுபொருள்? வடிவம் மாறுவதில்லையே, எப்படிக் கண்டுபிடிப்பது?

பதிலைச் சொல்லிப் பாருங்கள். பதில் எந்த நிலையில் வருகிறதோ, மன்னின் நிலை அதுதான். "மன் ஜாஅ?" (யார் வந்தார்?) பதில் "ஸைதுன்", ஆகவே ரஃபஉ (எழுவாய் நிலை). "மன் ரஅய்த?" (யாரைப் பார்த்தாய்?) பதில் "ஸைதன்", ஆகவே நஸ்பு (செயப்படுபொருள் நிலை). "பிமன் மரர்த?" (யாரைக் கடந்து போனாய்?) பதில் "பிஸைதின்", ஆகவே ஜர்ரு (ஜர்ரு ஹர்ஃபுக்குப் பின் வரும் நிலை). யார், யாரை, யாருடன் என்று தமிழில் வேற்றுமை உருபு கேள்விச் சொல்லிலேயே ஏறிக்கொள்வதால் நமக்குக் கேள்வியிலேயே தெரிந்துவிடும். அரபியில் பதில் வரும் வரை காத்திருக்க வேண்டும்.

கேள்விச் சொல் கட்டாயம் முதலில்தான் வர வேண்டுமா?

ஆம். முதலிடம் அதன் உரிமை, இதை ஸதாரத் என்பார்கள். "நீ எங்கே போகிறாய்?" என்ற தமிழ் வரிசையில் "அன்த ஐன தத்ஹபு?" என்று கட்டுவது நம்மவர்கள் அதிகம் செய்யும் தவறு. "ஐன தத்ஹபு?" போதும். 'வ', 'ஃப' ஆகிய இணைப்புச் சொற்களை விட்டால், முன்னால் வர அனுமதி உள்ளவை இரண்டே: ஜர்ரு ஹர்ஃபு ("மின் ஐன", "இலா ஐன"), முளாஃபு, அதாவது உடைமைத் தொடரின் முதற்சொல் ("கிதாபு மன் ஹாதா?" இது யாருடைய புத்தகம்?).

'கம்'முக்குப் பிறகு ஏன் ஒருமை? எத்தனை என்றால் பன்மைதானே வர வேண்டும்?

தமிழிலும் "எத்தனை புத்தகம் வாங்கினாய்?" என்று ஒருமையில் கேட்கிறோமே. அரபியில் அது கட்டாயம், அதோடு நஸ்பும் வேண்டும்: "கம் கிதாபன் இந்தக?" உன்னிடம் எத்தனை புத்தகம் இருக்கிறது? 'கம் குதுப்' என்று கேட்பது தவறு.

ஆனால் கம் இரண்டு வகை. "என்னிடம்தான் எத்தனை புத்தகங்கள்!" என்று பெருமிதமாகச் சொல்லும்போது அங்கே கேள்வி இல்லை, மிகுதியைச் சொல்கிறோம். அரபியிலும் அப்படி ஒரு கம் உண்டு, அதற்குப் பின் ஜர்ரு வரும், ஒருமையும் வரலாம், பன்மையும் வரலாம்: "கம் கிதாபின் இந்தீ!" 'கிதாபன்', 'கிதாபின்' என்ற ஓர் ஒலி வித்தியாசத்தில் கேள்வி வியப்பாகிவிடுகிறது. 2:249இல் வரும் "கம் மின் ஃபிஅதின் கலீலதின்", எத்தனையோ சிறு கூட்டங்கள் பெருங்கூட்டங்களை வென்றிருக்கின்றன என்பது இந்த வகை. 2:259இல் "கம் லபித்த?" எவ்வளவு காலம் தங்கியிருந்தாய் என்பது உண்மையான கேள்வி, "ஒரு நாள், அல்லது ஒரு நாளில் சிறிது" என்று பதிலும் வருகிறது.

கம்முக்கு முன்னால் ஜர்ரு ஹர்ஃபு வந்தால் கேள்வியிலும் ஜர்ரு அனுமதி உண்டு: "பிகம் திர்ஹமின்?" எத்தனை திர்ஹத்துக்கு?

அய்யு பற்றித் தனியாகத் தெரிய வேண்டியது உண்டா?

அதற்குப் பின்னால் வரும் சொல் ஜர்ரு பெறும், அதன் சொந்த இறுதியும் இடத்துக்கு ஏற்ப மாறும். அர்-ரஹ்மான் சூராவில் 31 முறை வரும் "ஃபபிஅய்யி ஆலாஇ" என்பதில் 'பி' வந்ததால் அய்யி. "அய்யுகும் யஃதீனீ பிஅர்ஷிஹா?" (27:38) என்பதில் முப்ததாவாக (எழுவாயாக) இருப்பதால் அய்யு.

சற்று நுட்பமான இடம் 18:12. "லிநஅலம அய்யுல் ஹிஸ்பைனி அஹ்ஸா", இரு பிரிவினரில் யார் சரியாகக் கணக்கிட்டார்கள் என்று நாம் அறிவதற்காக. 'அறிதல்' என்ற வினை முன்னால் இருக்கிறது, அதன் செயப்படுபொருளாகி 'அய்ய' என்று நஸ்பு வந்திருக்க வேண்டும் என்றுதானே தோன்றும்? வரவில்லை. கேள்விச் சொல் தன் முன்னால் உள்ள வினைக்கு அடங்காது, அதன் முதலிட உரிமை அங்கே ஒரு சுவர்போல நிற்கிறது. அஷ்ஷுஅரா சூராவின் கடைசி வசனத்தில் (26:227) 'அய்ய முன்கலபின்' என்று நஸ்பு வருகிறதே என்று கேட்பீர்கள். அந்த நஸ்பைக் கொடுத்தது முன்னால் உள்ள 'ஸயஅலமு' அன்று, பின்னால் வரும் 'யன்கலிபூன்'.

மதாவும் அய்யானவும் ஒன்றா? கைஃபவும் அன்னாவும் ஒன்றா?

மதா எல்லாக் காலத்துக்கும் பொது. அய்யான எதிர்காலத்துக்கு மட்டும், அதுவும் பெரும்பாலும் பாரமான விஷயங்களுக்கு: "அய்யான யவ்முல் கியாமா?" (75:6). பஸ் எப்போது வரும் என்று கேட்க மதாவே பொருத்தம். அன்னாவில் வியப்பு கலந்திருக்கும். 2:259இல் 'எப்படி', 3:37இல் மர்யமிடம் ஸகரிய்யா நபி கேட்ட "அன்னா லகி ஹாதா?"வில் 'எங்கிருந்து'.

அரபியில் கேள்விக்குறி உண்டா?

இன்றைய எழுத்தில் உண்டு, வலமிருந்து இடமாக எழுதுவதால் திரும்பிய வடிவில் இருக்கும். நிறுத்தக்குறிகளை அரபியில் முறைப்படுத்தி எகிப்தின் அஹ்மத் ஸகி பாஷா 1912இல் நூல் வெளியிட்டார். முஸ்ஹஃபில் கேள்விக்குறி இல்லை. இவ்வளவு இலக்கணமும் நமக்கு ஓதும்போது தேவைப்படுவது அதனால்தான்.

வளைகுடாவிலும் எகிப்திலும் இப்படிப் பேசுவதில்லையே?

பேச்சரபி வேறு. வளைகுடாவில் நலம் விசாரிக்க "ஷ்லோனக்?" என்பார்கள், நேர்ப்பொருள் 'உன் நிறம் என்ன?' பல ஊர்களில் என்ன என்பதற்கு 'ஏஷ்', அது 'அய்யு ஷைஇன்' (எந்தப் பொருள்) சுருங்கியது. ஏன் என்பதற்கு 'லேஷ்', எங்கே என்பதற்கு 'வேன்'.

எகிப்தியப் பேச்சு நமக்கு மிகவும் இணக்கமானது, ஏனென்றால் அங்கே கேள்விச் சொல் முதலிடத்துக்கு ஓடுவதில்லை. "இஸ்மக் ஏஹ்?" உன் பெயர் என்ன. "இன்த ராயிஹ் ஃபேன்?" நீ போவது எங்கே. ஆனால் பரீட்சையில் அப்படி எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

எல்லாம் அறிந்த அல்லாஹ் குர்ஆனில் ஏன் இத்தனை கேள்விகள் கேட்கிறான்?

கேள்வியின் வடிவம் வேறு, நோக்கம் வேறு. தமிழில் "நான் உனக்குச் சொல்லவில்லையா?" என்று அம்மா கேட்டால் அவர் தகவல் கேட்கவில்லை. "அலம் நஷ்ரஹ் லக ஸத்ரக்?" (94:1), உமது நெஞ்சை நாம் விரிவாக்கவில்லையா என்பது கொடுத்ததை நினைவூட்டி உறுதிப்படுத்துவது. "ஹல் ஜஸாஉல் இஹ்ஸானி இல்லல் இஹ்ஸான்?" (55:60) என்பதில் ஹலுக்கு 'இல்லை' என்றே பொருள்: நன்மைக்குக் கூலி நன்மையன்றி வேறில்லை. மேலே பார்த்த "ஃபஹல் அன்தும் முன்தஹூன்?" மதுவைத் தடுத்த வசனத்தின் முடிவு, வடிவத்தில் 'விலகிக்கொள்வீர்களா?', பொருளில் 'விலகுங்கள்' என்ற கட்டளை. உமர் (ரலி) அதைக் கேட்டு "இன்தஹைனா", விலகிவிட்டோம் என்றார்கள்.

சில கேள்விகள் அன்பினால் வருபவை. "வமா தில்க பியமீனிக யா மூஸா?" (20:17), மூஸாவே, உமது வலக்கையில் இருப்பது என்ன? 'கைத்தடி' என்ற ஒரே சொல் போதும். மூஸா நபியோ சாய்ந்துகொள்வதையும், ஆடுகளுக்கு இலை உதிர்ப்பதையும், வேறு பயன்களையும் சொல்லிக்கொண்டே போகிறார்.

இன்னொன்று 24:22. தம் மகள் ஆயிஷா (ரலி) மீது சுமத்தப்பட்ட அவதூறில் பங்கெடுத்த உறவினர் மிஸ்தஹுக்கு இனி உதவ மாட்டேன் என்று அபூபக்ர் (ரலி) சத்தியம் செய்திருந்தார்கள். அப்போது இறங்கியது: "அலா துஹிப்பூன அன் யஃக்ஃபிரல்லாஹு லகும்?" அல்லாஹ் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்பமாட்டீர்களா? ஹம்ஸா, அதன் பின் எதிர்மறை. அபூபக்ர் (ரலி) சொன்ன பதில் 'நஅம்' அன்று. "பலா வல்லாஹி", விரும்பத்தான் செய்கிறேன், அல்லாஹ்வின் மீது ஆணையாக என்றார்கள். மிஸ்தஹுக்குக் கொடுத்துவந்ததை மறுபடியும் கொடுக்கத் தொடங்கினார்கள்.